சாஸ் பாட்டிலை மூடி வையுங்கள்!

2007 அக்டோபரில் லண்டன் சோஹோ பகுதித் தெரு ஒன்றில் நடந்துபோனவர்களுக்குத் திடீரென்று தொண்டை கமறியது. கண்ணில் நீர் கொட்டியது, இருமல் நிற்கவில்லை. ரசாயனத் தாக்குதலோ என்ற பயத்தில் யாரோ போன் போட, தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. போலீஸ் சாலைகளை மூடியது. மூச்சுக் கவசம் மாட்டிய வீரர்கள் புகை கிளம்பிய கட்டடத்தைத் தேடிப் பிடித்து, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் கையில் ஒரு பெரிய பாத்திரம். அதற்குள் நாலு கிலோ காய்ந்த மிளகாய், கருகக் கருக வறுபட்டுக்கொண்டிருந்தது. அது ஒரு தாய்லாந்து உணவகம். ‘நாம் ப்ரிக் பாவ்’ என்கிற மிளகாய் விழுதுக்கு சமையல்காரர் மிளகாய் வறுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம் ஊரில் குழம்புப் பொடிக்கு மிளகாய் வறுக்கிற நாளில் தெருவே தும்மும். யாரும் போலீசைக் கூப்பிட மாட்டார்கள்.

காரத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. தாய்லாந்துக்காரர்களுக்கும் நமக்கும் மிளகாய் வந்த வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். போர்ச்சுகீசியத் தூதர் தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவின் அரசவைக்குப் போனது 1511-ல். அந்த நூற்றாண்டில்தான் அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக இந்தப் பக்கமெல்லாம் இறங்கியது. அதற்கு முன்பு இரண்டு ஊருக்குமே காரம் என்றால் மிளகுதான். இந்தப் பங்காளி உறவின் தெம்பில்தான், ‘தாய்லாந்து ஃப்ரைட் ரைஸ் என்ன பிரமாதம்’ என்று அடுப்பைப் பற்ற வைக்கிறோம். கோட்டை விடுவதும் அங்கேதான்.

நம்மூர் ஹோட்டல் மெனுவில் ‘தாய் ஃப்ரைட் ரைஸ்’ என்ற பெயரில் வருவதை நினைத்துப் பாருங்கள். செக்கச்செவேல் என்று இருக்கும். கேரட், பீன்ஸ், கோஸ், மூன்று நிறத்துக் குடைமிளகாய் என்று பாதித் தட்டு காய்கறி. அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். வழக்கமான சைனீஸ் ஃப்ரைட் ரைஸில் கூடுதலாக ஒரு கரண்டி சிவப்பு மிளகாய் சாஸ் ஊற்றினால் நாடு மாறிவிடும் என்ற நம்பிக்கையில் செய்தது அது. அந்த சாஸில் மிளகாயோடு சர்க்கரையும் வினிகரும் கெட்டிப்படுத்தும் மாவும் இருக்கும். சட்டியில் ஊற்றியதும் அது சோற்றை ஈரமாக்கும், பிசுபிசுப்பாக்கும், எல்லாக் கவளத்தையும் ஒரே ருசியாக்கும். காரம் இருக்கும், ஆனால் அதற்கு வாசனை இருக்காது.

பாங்காக்கில் அசல் தாய் ஃப்ரைட் ரைஸைச் சமைக்கும் இடம் ‘ஆஹான் தாம் சங்’ கடை. கேட்டதைக் கேட்டபடி செய்து தரும் சாதாரணக் கடைதான். முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இறால், கோழி, பன்றி இறைச்சி, முட்டை, கீரை. பின்னால் சீறுகிற ஒற்றை கேஸ் அடுப்பு, அதன்மேல் கறுத்துப்போன இரும்புச் சட்டி, ஒரே ஒரு சமையல்காரர். எது வேண்டும், காரம் எவ்வளவு வேண்டும் என்று சொன்னால், மேசைக்குப் போய் உட்கார்வதற்குள் தட்டு வந்துவிடும். அந்தச் சோறு சிவப்பாக இருக்காது. வெளிறிய பொன்னிறம், அங்கங்கே முட்டையின் மஞ்சள், கொஞ்சம் வெங்காயத்தாள். ஓரத்தில் வெள்ளரித் துண்டுகள், ஒரு எலுமிச்சைக் கீற்று, சில கடைகளில் முழு வெங்காயத்தாள் ஒன்று. மேசையில் சின்னக் கிண்ணத்தில் மீன் சாஸில் மிதக்கும் மிளகாய் வளையங்கள். சாப்பிடுவது ஸ்பூனும் ஃபோர்க்கும் வைத்து. குச்சியெல்லாம் நூடுல்ஸுக்குத்தான்.

சோற்றை இரும்புச் சட்டியில் வறுக்கும் பழக்கம் சீனர்கள் கொண்டுவந்தது. பாங்காக்கில் குடியேறிய சீனர்களில் பெரும்பாலோர் தியோச்சியூ பேசுகிறவர்கள். யாவ்வராட் தெருவைச் சுற்றி இன்றும் அவர்கள் ராஜ்ஜியம்தான். வந்த பதார்த்தத்தை தாய்லாந்துக்காரர்கள் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். சோயா சாஸைப் பின்னுக்குத் தள்ளி மீன் சாஸை முன்னால் வைத்தார்கள். கூடவே எலுமிச்சையும் ஊசி ஊசியாக இருக்கும் குட்டி மிளகாயும் சேர்ந்தன. இன்று ‘காவ் பட்’ என்ற ஒரே பெயரின் கீழ் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது: இறால், நண்டு, அன்னாசி, மிளகாய் விழுது, துளசி. கெச்சப்பும் உலர் திராட்சையும் போட்டு, பொரித்த கோழியும் சாசேஜும் முட்டையும் பக்கத்தில் வைக்கும் ‘அமெரிக்கன் ஃப்ரைட் ரைஸ்’கூட உண்டு. அமெரிக்காவில் யாருக்கும் அதைத் தெரியாது. வியட்நாம் போர்க் காலத்தில் தாய்லாந்து விமானத் தளங்களில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பதார்த்தம் அது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

நாம் வீட்டில் செய்யப்போவது குடும்பத்தின் காரக்காரப் பிள்ளையை. பூண்டும் பச்சை மிளகாயும் இடித்துப் போட்டு, கடைசியில் இலை தூவி இறக்குவது.

முதலில் சோறு

தாய்லாந்தில் இதற்குப் பயன்படுவது ஹோம் மாலி, நாம் ஜாஸ்மின் அரிசி என்று வாங்குவது. அதன் பேர்பெற்ற ரகமான ‘காவ் டாக் மாலி 105’ அரசு அங்கீகாரம் பெற்றது 1959-ல். சச்சோயங்சாவ் மாகாணத்தில் சேகரித்த கதிர்களைத் தனித்தனி வரிசையாக விதைத்துப் பார்த்ததில் 105-ம் வரிசை தேறியது. அந்த எண்ணே பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று அதற்குப் பேர்போன இடம் வடகிழக்கே ஐந்து மாகாணங்களில் பரவிக் கிடக்கும் துங் குலா ரோங்ஹாய் சமவெளி. உப்பு கலந்த மணல் பூமி, தண்ணீர்த் தட்டுப்பாடு. பயிர் படுகிற அந்தப் பாட்டில்தான் வாசனை கூடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாஸ்மதிக்கும், இலங்கைச் சமையலில் தாளிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தருகிற அதே சேர்மம்தான் இதற்கும்.

கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பொன்னி பச்சரிசி போதும். பாஸ்மதி வேண்டாம். பருக்கை நீளநீளமாக உதிர்ந்து கல்யாண மண்டபத்து ஃப்ரைட் ரைஸ் ஆகிவிடும். சீரகச் சம்பா பிரியாணிக்கு ராஜா, இங்கே அதன் வாசனை துளசியோடு மல்லுக்கு நிற்கும். புழுங்கலரிசிச் சோறு மிஞ்சிக் கிடந்தால் தாராளமாகப் போடலாம். மென்மை குறையும், குழையாது.

எந்த அரிசியானாலும் குக்கர் மட்டும் கூடாது. நம் வீட்டு ஃப்ரைட் ரைஸ் களியாவதற்குப் பாதிக் காரணம் அந்த மூன்று விசில்தான். பழைய முறையில் நிறையத் தண்ணீர் வைத்து, முக்கால் வேக்காடு தாண்டி, நடுவில் ஊசி முனையளவு விறைப்பு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். கஞ்சியோடு ஒட்டும் மாவும் போய்விடும். அகலத் தட்டில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஆவி அடங்கி, மேல் ஈரம் காய்ந்ததும் மூடாமல் பிரிட்ஜுக்குள். ஆறும்போது வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது. அதனால்தான் மறுநாள் ஒவ்வொரு பருக்கையும் தனித்து நிற்கிறது. ஜாஸ்மின் அரிசியில் இறுகும் வகை மாவுச்சத்து குறைவு, ஒட்டும் குணம் அதிகம். அதற்கு இந்த ஓய்வு கட்டாயம் தேவை.

ஆறட்டும் என்று அடுப்பு மேடையிலேயே இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி ஒரு நச்சை விட்டுவைக்கும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்த நச்சு அழியாது. 1970-களில் பிரிட்டனில் உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தபோதுதான் இது பெரிதாக வெளிச்சத்துக்கு வந்தது. வடித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம். பழையதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோமே என்று கேட்கலாம். அந்தப் புளிப்பு வேறு கணக்கு. உலர்ந்த சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு நேரத்தில் ஒரு தட்டு

உணவகச் சட்டிக்குக் கீழே எரிவது நம் அடுப்பைப் போலப் பல மடங்கு. சட்டியைத் தூக்கிப் போட்டு வறுக்கும் அந்த வித்தையை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் படம்பிடித்துக் கணக்கிட்டு 2020-ல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். கைதேர்ந்த சமையல்காரர் வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை சோற்றை ஆட்டித் தூக்குகிறார். சட்டியின் கடும் சூடு சோற்றைக் கருக்காமல் பொரிப்பதற்கு, பருக்கைகள் திரும்பத் திரும்பக் காற்றில் எழும்புவதுதான் காரணம்.

அந்த சர்க்கஸ் நமக்கு வேண்டாம். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னரே சுமார் இரண்டு கிலோவாட்தான். சட்டியைத் தூக்கினால் உள்ள சூடும் போய்விடும். சட்டி அடுப்பை விட்டு நகரக் கூடாது, சோறு குறைவாக இருக்க வேண்டும். நாலு பேருக்கு மொத்தமாகக் கொட்டினால் சோற்றின் ஈரத்தை விரட்டும் சக்தி அடுப்புக்கு இருக்காது. வறுபட வேண்டியது அவியும். ஒரு தட்டுக்கு 200 கிராம் சோறு, அதற்கு மேல் ஒரு கை கூடக் கூடாது. எல்லாரும் சேர்ந்து உட்கார முடியாதே என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். தோசை மட்டும் எல்லார் தட்டிலும் ஒரே நேரத்திலா விழுகிறது?

சட்டி, பழகிய இரும்புச் சட்டியாக இருக்கட்டும். நான்ஸ்டிக் வேண்டாம். காலிப் பாத்திரமாக அதைப் புகையக் காய வைத்தால் 260 டிகிரிக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும்.

ஒரு தட்டுக்கு வேண்டியது: பூண்டு மூன்று நாலு பல், குட்டி மிளகாய் மூன்றிலிருந்து ஐந்து, முட்டை ஒன்று, உரித்த இறால் ஆறேழு அல்லது சின்னதாக அரிந்த கோழி ஒரு பிடி, பாதி வெங்காயம், ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், மீன் சாஸ் இரண்டு தேக்கரண்டி, லைட் சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத் தூள் ஒரு சிட்டிகை, இலை ஒரு கைப்பிடி. காய்கறி என்று எதுவும் இல்லையே என்று தேடாதீர்கள். விட்டுப்போகவில்லை, அது தேவையில்லை. மனசு கேட்காவிட்டால் காராமணியை விரல் கணு அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். அதற்கு மேல் இடமில்லை.

மிளகாய் விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள். தாய்லாந்தின் ‘ப்ரிக் கீ நூ’வுக்கு நம் பக்கத்தில் கிட்டத்தட்ட ஈடு நாகர்கோவில் பக்கம் கிடைக்கும் காந்தாரி அல்லது சந்தையில் விற்கும் ஊசி மிளகாய். இலங்கையில் கொச்சிக்காய். குழம்புக்குப் போடும் நீள மிளகாயை எண்ணிக்கை கூட்டிப் போட்டால் காரத்தை எட்டலாம், அந்தப் பழ வாசனை வராது. மிளகாயையும் பூண்டையும் கல் உரலில் கொஞ்சம் உப்போடு இடியுங்கள். மிக்ஸி கூழாக்கிவிடும், கூழ் சட்டியில் பிடித்துக் கருகும். நாலைந்து குத்துப் போதும். பூண்டு நசுங்கி, மிளகாய்த் தோல் கிழிந்து, விதை தெறித்து, ஒன்றோடொன்று கலந்தும் கலக்காமலும் இருக்க வேண்டும்.

இந்தச் சமையலின் சூட்சுமம் முழுக்க இந்த உரலில் இருக்கிறது. மிளகாயின் காரமான கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. இடித்த மிளகாய் சூடான எண்ணெயில் விழுந்ததும் காரம் எண்ணெய்க்குள் இறங்குகிறது. அந்த எண்ணெய் பருக்கை பருக்கையாகப் பூசுகிறது. அதனால் சோறு முழுக்க ஒரு சீரான காரம். மேசையில் இருக்கும் ‘ப்ரிக் நாம் ப்ளா’வில் நடப்பது வேறு. மூன்று மேசைக்கரண்டி மீன் சாஸ், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஆறேழு மிளகாய் வளையம், சீவிய பூண்டு. அங்கே எண்ணெய் கிடையாது, அதனால் காரம் பெரும்பாலும் வளையத்துக்குள்ளேயே நிற்கும். வேண்டியவர் வளையத்தை எடுத்துக் கடிக்கலாம். வேண்டாதவர் சாற்றை மட்டும் ரெண்டு சொட்டு விட்டுக்கொள்ளலாம். ஒரே மேசையில் தாத்தாவும் பேத்தியும் ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட முடிவது இதனால்தான். பாட்டில் சாஸ் ஊற்றிவிட்டால் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு.

எரிகிறது என்று தண்ணீர் குடிப்பவர்களுக்கும் பதில் இதில்தான். நாக்கில் சூட்டை உணரும் அதே வாங்கியைத்தான் கேப்சைசின் தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரால் அதைக் கழுவ முடியாது. ஒரு வாய் மோரோ பாலோ குடியுங்கள்.

ஜன்னலைத் திறந்துகொண்டு...

எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுப்பைப் பற்ற வைத்த பிறகு நறுக்க நேரம் கிடைக்காது. சாஸ் இரண்டையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் கலந்து வையுங்கள். பிரிட்ஜ் சோற்றை ஈரக் கையால் உதிர்த்து வையுங்கள். கட்டியைச் சட்டியில் வைத்துக் கரண்டியால் குத்தினால் பருக்கை நொறுங்கும்.

சட்டி லேசாகப் புகையும் வரை காயட்டும். பாதி எண்ணெய் விட்டு இறாலைப் போடுங்கள். இரண்டு பக்கமும் நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள், உள்ளே அரைவேக்காடாக இருந்தாலும் பரவாயில்லை. கோழி என்றால் முழுக்க வேக வேண்டும். மிச்ச எண்ணெயை விட்டு வெங்காயத்தைப் போட்டு, வாடியதும் இடித்த மிளகாய் பூண்டைப் போடுங்கள். இருமல் வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பூண்டின் ஓரம் பழுப்பாகத் தொடங்கும் அந்த நொடி, பதினைந்து வினாடிகூட ஆகியிருக்காது, எல்லாவற்றையும் ஓரம் தள்ளி நடுவில் முட்டையை உடைத்து ஊற்றுங்கள். உடனே கலக்காதீர்கள். அடி பொங்கி மேல் இளகி இருக்கும்போது சோற்றை அதன்மேல் கொட்டிப் புரட்டுங்கள். பாதி முட்டை சோற்றைப் பூசும், பாதி துண்டாக நிற்கும்.

இப்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சோற்றைச் சட்டியின் சுவர் வரை பரப்பி, கரண்டியின் முதுகால் அமுக்கி, இருபது வினாடி சும்மா விடுங்கள். ‘சடசட’ என்று பருக்கை வெடிக்கும் சத்தம் கேட்டதும் புரட்டி மறுபடி பரப்புங்கள். ஓயாமல் கிண்டுகிறவர்களுக்கு அந்தக் கருகல் வாசனை ஒருநாளும் கிடைக்காது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் இறாலைத் திருப்பிப் போட்டு, சாஸ் கலவையைச் சோற்றின் மேல் அல்லாமல் சட்டியின் ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள். காய்ந்த இரும்பில் பட்டதும் மீன் வாடை ஒரு தடவை குப்பென்று கிளம்பிப் போய்விடும். மிஞ்சுவது ருசி. மிளகுத் தூள், ஒரு புரட்டு, அடுப்பை அணைத்துவிட்டு இலை. சட்டிச் சூட்டில் அது வாடினால் போதும்.

அந்த இலை எது என்பதில் நம் வீடுகளில் ஒரு தர்மசங்கடம் வரும். தாய்லாந்தில் ‘கப்ராவ்’ என்று கட்டுக்கட்டாக விற்பது நம் துளசியேதான், தாவர இனமே ஒன்று. கிராம்பில் இருக்கும் யூஜினால் இதிலும் உண்டு, சூட்டில் அந்த வாசனைதான் தூக்கும். மாடத்தில் விளக்கேற்றிக் கும்பிடும் செடியைக் கிள்ளி இறால் வேகும் சட்டியில் போடப் பலருக்கு மனம் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. திருநீற்றுப்பச்சிலையைப் போடுங்கள். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை தருகிற செடிதான். தாய்லாந்தின் இன்னொரு துளசியான ‘ஹோராபா’வும் இதே இனம். கிராம்புக்குப் பதில் சோம்பு வாடை அடிக்கும், அதுவும் அந்த ஊர் ருசிதான். கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். தாளித்த சாதமாகிவிடும்.

சைவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் புக்கெட், பாங்காக் எங்கும் மஞ்சள் கொடி கட்டி ‘ஜே’ உணவு விற்பார்கள். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், இறைச்சிக்குப் பதில் டோஃபு, காளான். அவர்கள் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. நாம் அவ்வளவு போக வேண்டாம். காளானைத் தனியாகத் தண்ணீர் வற்ற வறுத்து எடுத்துக்கொண்டு பிறகு சோற்றில் சேருங்கள்.

மீன் சாஸ் இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கிறது. நம் கடற்கரையில் கருவாடாகும் நெத்திலி அங்கே உப்போடு தொட்டியில் ஒரு வருஷத்துக்கு மேல் ஊறி இந்தத் தேன் நிறச் சாறாக வடிகிறது. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். மீன், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸில் ஏறக்குறைய 1400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்குமே 2000 மில்லிகிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உரலில் இடிக்கும்போது போடச் சொன்ன உப்பை விட்டுவிடுங்கள், சட்டிக்கு ஒரு தேக்கரண்டி மீன் சாஸோடு நிறுத்துங்கள், மேசைக் கிண்ணத்தைத் தொடாதீர்கள். குறைகிற உப்பை எலுமிச்சை ஈடுகட்டும். தாராளமாகப் பிழிந்துகொள்ளுங்கள்.